பழைய நிரலாக்கியைச் செப்பனிடுவதா, தூக்கிப் போடுவதா?

போன மாதம் பினாங்கின் கெலுகோரில் ஒரு மாமாக் கடையில், தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு முனைவர் பட்ட மாணவர் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "அண்ணே, இது 6,000 வரி. எழுதியவர் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார். ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் உடைகிறது. வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?"

அந்த 6,000 வரியும் ஒரு நிரலாக்கி. செயற்கைக்கோள் தரவுக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் மாறிகளைப் பட்டியலிட்டு, நாம் தேர்ந்தெடுத்ததைப் படித்து வரைபடம் போடும் நிரலைத் தானே எழுதித் தரும். பைத்தானிலும் தரும், மேட்லேப்பிலும் தரும். புகைமூட்டத்தையும் மழையையும் ஆராயும் அவருடைய ஆய்வகத்தில் புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரும் முதல் நாள் தொடுவது அதைத்தான். அதே வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு தங்கை தொலைபேசியில் அழைத்தார். அவரிடமும் இதே மாதிரி ஒரு நிரலாக்கி. ஆனால் அவர் தனி ஆள், படிப்பது மழைத் தரவு ஒன்றை மட்டும், எழுதுவது பைத்தானில் மட்டும். இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. அந்தக் கணக்கை விரித்து எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகளைக் கேட்பேன்.

உருவாகும் நிரல் சரியான எண்ணைத் தருகிறதா, தவறும்போது சத்தம் போட்டுத் தவறுகிறதா? எத்தனை வகைக் கோப்புகள், எத்தனை மொழிகள்? உருவான நிரலை ஒரு மாணவர் படித்துப் புரிந்துகொண்டு திருத்த முடியுமா, திருத்திய பிறகு மறுபடி உருவாக்கினால் அந்தத் திருத்தம் என்ன ஆகும்? எழுதியவர் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

நான்கும் சம எடை உள்ளவை அல்ல. முதல் கேள்வியில் தோற்றால் மற்ற மூன்றிலும் வென்று பயனில்லை. பெரும்பாலானோர் நிரல் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், எண்ணைப் பார்ப்பதில்லை. அதனால் அந்த ஒன்றில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

## ஒரே கருவி, மூன்று கணக்கு

1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் மோடிஸ் என்ற கருவி இருக்கிறது. அதன் தரவு எச்டிஎஃப்-4 என்ற அறிவியல் தரவு வடிவத்தில், கோப்புகளாக வருகிறது. இடத்தை மிச்சப்படுத்த, தசம எண்களை முழு எண்களாக மாற்றிச் சேமித்திருப்பார்கள். திரும்ப எடுக்கும்போது பயன்படுத்த வேண்டிய பெருக்கெண்ணும் நகர்த்தெண்ணும் மாறியோடு குறிப்பாக ஒட்டியிருக்கும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? மூன்று கோப்பு வகைகளைப் பாருங்கள்.

மோட்04 காற்றில் மிதக்கும் துகள்கள் எவ்வளவு ஒளியை மறைக்கின்றன என்பதைச் சொல்வது. ஏரோசோல் ஒளித்தடிமன் என்பார்கள். இதில் பெருக்கெண் 0.001. சேமித்த எண்ணை அதால் பெருக்கினால் விடை. அளவீடு இல்லாத கட்டத்தில் −9999 என்ற நிரப்பு எண் இருக்கும்.

மோட்13 தாவரப் பசுமையைச் சொல்வது. இதன் கோப்புக்குள் பெருக்கெண் என்று எழுதியிருப்பது 10000. ஆனால் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 8500 என்று சேமித்திருந்தால் உண்மையான விடை 0.85. பெயரை நம்பிப் பெருக்கினால் எட்டரைக் கோடி வரும்.

மோட்06 மேகத்தைப் பற்றியது. மேக உச்சியின் வெப்பநிலைக்குப் பெருக்கெண் 0.01, நகர்த்தெண் −15000. இங்கே முதலில் நகர்த்தெண்ணைக் கழித்துவிட்டுப் பிறகு பெருக்க வேண்டும். 12000 என்று இருந்தால், −15000ஐக் கழித்து 27000 ஆக்கி 0.01ஆல் பெருக்கினால் 270 கெல்வின். எச்டிஎஃப்-4 நூலகத்தின், அதாவது அந்தக் கோப்புகளைப் படிக்க உதவும் ஆயத்த நிரல் தொகுப்பின், வழக்கு இது. நெட்சிடிஎஃப் என்ற இன்னொரு கோப்பு வடிவத்தின் உலகில் வழக்கோ தலைகீழ்: முதலில் பெருக்கு, பிறகு கூட்டு. அந்த வழியில் போனால் 120லிருந்து 15000 போய், −14,880 கெல்வின் என்ற வெப்பநிலை கிடைக்கும். தனிச்சுழி வெப்பநிலைக்குக் கீழே பதினைந்தாயிரம் பாகை என்றால் இயற்பியல் ஆசிரியருக்கே மூச்சு நின்றுவிடும்.

எட்டரைக் கோடியும் −14,880ம் நல்ல தவறுகள். வரைபடத்தைத் திறந்த உடனே கத்திவிடும். கெட்ட தவறு மோட்04இல்தான் ஒளிந்திருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன்.

2015 புகைமூட்டத்தின்போது பினாங்குக்கு மேலே 12 கட்டங்களின் சராசரியை எடுத்தேன். கடற்கரையில் நின்றால் பட்டர்வொர்த் பக்கம் வெறும் சாம்பல் நிறம். என் நிரல் சொன்ன விடையோ 0.54. சுமாரான நாள் என்று அர்த்தம். நான் எழுதிய நிரலாக்கி முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு நிரப்பு எண்ணைத் தேடும் நிரலை உருவாக்கியிருந்தது. பெருக்கிய பிறகு −9999 எங்கே இருக்கும்? அது −9.999 ஆகி, உண்மையான அளவீடு போல வரிசையில் உட்கார்ந்துவிட்டது. 11 கட்டங்களின் சராசரி 1.5, கூட்டினால் 16.5. அதிலிருந்து 9.999 போனால் 6.501. அதைப் 12ஆல் வகுத்தால் 0.54. பன்னிரண்டில் ஒரே ஒரு வெற்றுக் கட்டம், மோசமான புகைமூட்டத்தைச் சாதாரண மங்கலாக மாற்றிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்ததால்தான் பிடிபட்டது.

ஆகவே நிரலாக்கியை மேம்படுத்துகிறேன் என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, இந்த மூன்று கணக்கும் உங்கள் கருவியில் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதே. "பல இடங்களில்" என்று பதில் வந்தால் நோய் அங்கேதான் இருக்கிறது. எழுதும் முறையை மாற்றுவதால் மட்டும் அது தீராது.

## வழி ஒன்று: இருப்பதைத் தட்டிச் சரிசெய்வது

பழைய நிரலாக்கிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். வரி வரியாகச் சரங்களை ஒட்டி அச்சிட்டுக்கொண்டே போகும். நடுவே "கோப்பின் பெயர் இப்படித் தொடங்கினால் இதைச் செய், அப்படித் தொடங்கினால் அதைச் செய்" என்ற கிளைகள். அந்த மாணவரின் கருவியில் இப்படி 40க்கு மேற்பட்ட கிளைகளை எண்ணினேன். அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று முரண். எது முதலில் வருகிறதோ அது வெல்கிறது.

இதன் மறைவான செலவு பொறுமை. ஒவ்வொரு புதிய கோப்பு வகையும் ஒரு கிளையைக் கேட்கும், அந்தக் கிளை பைத்தானுக்கு ஒரு முறையும் மேட்லேப்புக்கு ஒரு முறையும் எழுதப்படும், இரண்டில் ஒன்றை யாராவது மறப்பார்கள். இன்னொரு செலவும் உண்டு: இந்த வகைக் கருவி, தனக்குக் காட்டப்பட்ட ஒரே ஒரு மாதிரிக் கோப்பை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். துகள் இயற்பியலில் புழங்கும் ரூட் மென்பொருளில் உள்ள மேக்கிளாஸ் என்ற நிரலாக்கி இதற்கு நல்ல பாடம். அது மாதிரிக் கோப்பில் கண்ட மிக நீளமான வரிசையின் அளவையே உச்ச வரம்பாக நிரலில் பதித்துவிடும். அடுத்த கோப்பில் அதைவிட நீளமான வரிசை வந்தால் நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும்.

இருந்தும் இதுவே சரியான வழியாக இருக்கும் சூழல் உண்டு. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறீர்கள், இன்னும் ஆறு மாதம், புதிய கோப்பு வகை எதுவும் வராது என்றால் மேல்பூச்சே போதும். அப்படித் தொடுவதற்கு முன் ஒரே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். கையில் இருக்கும் மாதிரிக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் இன்று உருவாகும் நிரல்களையும் அவை தரும் எண்களையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மறுபடி உருவாக்கி வேறுபாட்டைப் பாருங்கள். நீங்கள் மாற்ற நினைத்தது மட்டும் மாறியிருந்தால் மேலே போகலாம். ஒரு நாள் வேலை. பின்னால் வேறு வழிக்கு மாறினாலும் இந்தத் தொகுப்பு கைகொடுக்கும்.

## வழி இரண்டு: வார்ப்புருவுக்கு மாறுவது

உருவாக வேண்டிய நிரலை முழுமையாக எழுதி வைத்து, மாற வேண்டிய இடங்களில் மட்டும் ஓட்டை விடுவது வார்ப்புரு. பைத்தான் உலகில் இதற்கு ஜின்ஜாவையே பெரும்பாலோர் எடுப்பார்கள். பழைய முறையிலிருந்து வருபவருக்கு இது பெரிய நிம்மதி. உருவாகப் போகும் நிரல் எப்படி இருக்கும் என்பதை அப்படியே கண்ணால் பார்க்கலாம். மேட்லேப் மட்டுமே தெரிந்த மாணவரும் மேட்லேப் வார்ப்புருவைத் திறந்து ஒரு குறிப்புரையைச் சேர்க்க முடியும். நிரலாக்கியின் உட்புறம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

மறைவான செலவுகள் மூன்று. ஜின்ஜாவின் இயல்பான நடத்தை முதல் கண்ணி. ஓட்டையில் போட வேண்டிய மதிப்பு இல்லாவிட்டால் அது முறையிடாது, வெற்றாக விட்டுவிட்டுப் போகும். பெருக்கெண் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருந்தால் பைத்தானே பிழை என்று சொல்லிவிடும், பரவாயில்லை. மாறி இருக்கும் குழுவின் பெயர் மேற்கோள் குறிகளுக்குள் வெற்றாகிவிட்டால்? நிரல் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். வேறு குழுவில் அதே பெயரில் இருக்கும் இன்னொரு மாறியைப் படித்தாலும் படிக்கும். விடுபட்ட மதிப்பைப் பிழையாகக் கருதும் கண்டிப்பான அமைப்பு ஜின்ஜாவிலேயே இருக்கிறது. முதல் நாளே அதை இயக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, வெற்றிடம். பைத்தானில் வரியின் உள்தள்ளலுக்குப் பொருள் உண்டு. வார்ப்புருவின் கட்டளை வரிகள் விட்டுச்செல்லும் வெற்று வரிகளும் இடைவெளிகளும் அதைக் கெடுக்கும். சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் முதல் வாரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டுவீர்கள்.

மூன்றாவதுதான் நிஜமான ஆபத்து. 40 கிளைகளையும் அப்படியே தூக்கி வார்ப்புருவுக்குள் போட்டுவிடுவார்கள். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளிய கதை. அந்த மூன்று கணக்குகளும் வார்ப்புருவுக்குள் இருந்தால், பைத்தான் வார்ப்புருவில் ஒரு முறையும் மேட்லேப் வார்ப்புருவில் ஒரு முறையும் இருக்கும். பழைய நோய், புதிய சட்டை.

## வழி மூன்று: விவரக் கோப்பும் தனித்தனி எழுத்தர்களும்

இதில் வேலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி கோப்பைப் பார்த்து, "இது என்ன" என்று மொழிச் சார்பு இல்லாத ஒரு விவரத்தைத் தயாரிக்கும்: மாறியின் பெயர், அச்சுகளின் வரிசை, நிரப்பு எண், எந்தக் கணக்கு, என்ன அலகு. கோப்புக்குள் எழுதியிருப்பது தவறாகவோ குழப்பமாகவோ இருந்தால், மனிதர் கையால் எழுதிய சிறிய திருத்தக் கோப்பு அதை மேலெழுதும். மோட்13க்கு "வகு" என்றும் மோட்06க்கு "முதலில் கழி" என்றும் எழுத வேண்டிய ஒரே இடம் அதுதான். மற்றொரு பகுதியான எழுத்தர், மொழிக்கு ஒன்றாக, அந்த விவரத்தை வாங்கி நிரலாக எழுதும். அது வார்ப்புருவாகவும் இருக்கலாம்.

மழைத் தரவை வைத்து இதைப் பார்த்தால்தான் அருமை புரியும். ஐமெர்க் என்ற உலக மழைத் தரவு எச்டிஎஃப்-5 கோப்பாக, அரை மணிக்கு ஒன்றாக வருகிறது. பாகையில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கட்டங்கள்; தீர்க்கரேகையில் 3,600, அட்சரேகையில் 1,800. அச்சுகளின் வரிசை காலம், தீர்க்கரேகை, அட்சரேகை. அட்சரேகை முதலில் வரும் என்று நினைத்துப் பழகியவருக்கு இதுவே முதல் இடறல்.

ஜார்ஜ் டவுன் 5.41 வடக்கு, 100.33 கிழக்கு. பைத்தானில் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குவதால் அதன் கட்டம் 0, 2803, 954. மேட்லேப்பில் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். போதாக்குறைக்கு, அது எச்டிஎஃப்-5ஐப் படிக்கும்போது அச்சுகளின் வரிசையைத் தலைகீழாக்கித் தரும். அங்கே அதே கட்டம் 955, 2804, 1. கோப்பும் ஒன்று, ஊரும் ஒன்று, எழுத வேண்டிய எண்கள் மூன்றும் வேறு. பைத்தானில் இரண்டு அச்சையும் மாற்றிப் போட்டு ஒரே கட்டத்தைக் கேட்டால், 1,800 கட்டங்கள் மட்டுமே உள்ள அச்சில் 2803ஐக் கேட்கிறாய் என்று பிழை வரும். ஒரு பரப்பைத் துண்டாக வெட்டிக் கேட்டாலோ பிழை வராது; காலியான வரிசை வரும், அதன் சராசரி "எண் அல்ல" என்று வரும், மாணவர் அன்று மழை இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்.

அலகையும் விடாதீர்கள். ஐமெர்க் அரை மணிக் கோப்பில் இருப்பது மழையின் அளவு அல்ல, வேகம்: மணிக்கு எத்தனை மில்லிமீட்டர். ஒரு நாளின் 48 கோப்புகளையும் கூட்டிய பிறகு இரண்டால் வகுக்க வேண்டும். மறந்தால் மழை இரண்டு மடங்கு. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிய வெள்ளம் போன்ற ஒரு நாளில் யாரும் அந்த எண்ணைச் சந்தேகிக்கவும் மாட்டார்கள். இத்தனைக்கும் ஒரே ஒரு விவரக் கோப்பில் நான்கு வரி எழுதினால் தீர்ந்தது. ஐமெர்க்கின் ஏழாம் பதிப்பில் மழை மாறியின் பெயர் மாறியபோதும் அப்படித்தான். முந்தைய பதிப்புகளில் பெயருக்குப் பின்னால் இருந்த "கால்" என்ற ஒட்டு போய்விட்டது. விவரத்தில் ஒரு வரி மாறினால் இரண்டு மொழி நிரல்களும் மாறிவிடும்.

மறைவான செலவு என்ன? நேரம், அதைவிடப் பெரிதாக ஆசை. விவரக் கோப்பு எழுதத் தொடங்கியவர்கள் அதில் நிபந்தனை வேண்டும், சுழற்சி வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு புதிய நிரல் மொழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குக் கையேடு கிடையாது, தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் அடுத்த ஆண்டு பட்டம் வாங்கிவிடுவார். விவரக் கோப்பு மக்காகவே இருக்கட்டும். பெயர், எண், சொல் இவற்றைத் தவிர அதில் எதுவும் கூடாது. கிளை தேவைப்படுகிறது என்று தோன்றினால், இன்னொரு விவரக் கோப்பு எழுதுங்கள்.

## வழி நான்கு: நிரலாக்கியே வேண்டாம், பொது நூலகம் போதும்

சிலரிடம் நிரலாக்கி இருப்பதே வரலாற்று விபத்து. நல்ல நூலகம் இல்லாத காலத்தில் எழுதப்பட்டது, பழக்கத்தால் உயிரோடு இருக்கிறது. இன்றைக்குப் பைத்தானில் எக்ஸ்அரே என்ற நூலகம் ஒன்றே கோப்பைத் திறந்து, நிரப்பு எண்ணை நீக்கி, பெருக்கெண்ணைப் போட்டு, அச்சுகளைப் பெயர் சொல்லிக் கேட்கும்படி கொடுத்துவிடுகிறது. அச்சைப் பெயரால் கேட்டால் வரிசைக் குழப்பமே எழாது. நிரப்பு எண்ணைப் பெருக்குவதற்கு முன்பே நீக்கிவிடுவதால், 2015இல் நான் விழுந்த பள்ளமும் இல்லை. கோலாலம்பூர் தங்கையிடம் இதைத்தான் சொன்னேன்: "உன் நிரலாக்கி எழுதும் 200 வரியும் இதில் பத்து வரி. எதற்குச் சுமக்கிறாய்?"

ஆனால் இந்த வசதி, கோப்பு ஒழுங்காக நடந்துகொள்ளும் வரைதான். எக்ஸ்அரே பின்பற்றுவது நெட்சிடிஎஃப் உலகின் வழக்கு: பெருக்கு, பிறகு கூட்டு. மோட்13ஐ அப்படியே கொடுத்தால் அதுவும் எட்டரைக் கோடி என்றுதான் சொல்லும். மோட்06க்கு −14,880. தானாகக் கணக்கிடும் வசதியை அணைத்துவிட்டு நாமே போட வேண்டும். அந்த அறிவு யாருடைய தலையில் இருக்கிறதோ அவர் போனால் அதுவும் போகும். நிறுவும் தொல்லையும் உண்டு. எச்டிஎஃப்-4ஐ நெட்சிடிஎஃப் நூலகம் படிக்க வேண்டுமானால் அந்த ஆதரவைச் சேர்த்தே அதைக் கட்டியிருக்க வேண்டும்; ஒருவர் கணினியில் திறக்கும் கோப்பு பக்கத்து மேசையில் திறக்காது. நான் பார்த்தவரை, "என் கணினியில் ஓடுகிறதே" என்ற வசனத்துக்கு ஆய்வகங்களில் இதுவே முக்கியக் காரணம்.

காலம் மெல்ல இந்த வழியின் பக்கம் சாய்கிறது. 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் கருவியின் ஏரோசோல் கோப்புகள் நெட்சிடிஎஃப்-4ஆக வருகின்றன. அதன் அடித்தளம் எச்டிஎஃப்-5. இனிமேல் வரும் தரவை மட்டும் பார்ப்பவருக்கு எச்டிஎஃப்-4 தலைவலி இல்லை. 2015 புகைமூட்டத்தையும் அடுத்த புகைமூட்டத்தையும் மோடிஸ் வழியே ஒப்பிட வேண்டியவருக்கு அது இருந்துகொண்டே இருக்கும்.

## வழி ஐந்து: செயற்கை நுண்ணறிவிடம் கேட்பது

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே ஒரு முறை படிக்க வேண்டிய அறிமுகமில்லாத கோப்புக்கு நல்ல தொடக்கம். கோப்பின் தலைப்பு விவரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்று. ஆய்வகத்தின் நிரலாக்கிக்கு மாற்றாக வைக்க மாட்டேன். இன்று கேட்டது ஒரு மாதிரி, நாளை கேட்டது வேறு மாதிரி. இரண்டு மாணவர்களின் நிரல் இரண்டு வகையில் தவறும். ஐமெர்க்கின் பழைய மாறிப் பெயரைத் தயங்காமல் எழுதித் தரும். பெருக்கெண் என்று எழுதியிருந்தால் பெருக்கத்தான் செய்யும். அது இயல்பான ஊகம், நானும் அப்படித்தான் ஊகித்திருப்பேன். மூன்றாம் வழியில் விவரக் கோப்புகளின் முதல் வரைவை எழுத வைத்து, மனிதர் சரிபார்த்தால் நேரம் மிச்சமாகும்.

## ஒரு பார்வையில்

| வழி | எண்ணின் நம்பகம் | வகைகளும் மொழிகளும் பெருகினால் | மாணவர் திருத்த | ஆகும் காலம் |
|---|---|---|---|---|
| தட்டிச் சரிசெய்வது | இருப்பது போலவே | திணறும் | கடினம் | சில நாள் |
| வார்ப்புரு மட்டும் | கண்டிப்பை இயக்கினால் சுமார் | மொழிகள் பெருகினால் கணக்கும் இரட்டிக்கும் | மிக எளிது | இரண்டு, மூன்று வாரம் |
| விவரக் கோப்பு | ஒரே இடத்தில் இருப்பதால் நன்று | தாங்கும் | விவரம் எளிது, எழுத்தர் நடுத்தரம் | இரண்டு, மூன்று மாதம் |
| பொது நூலகம் | ஒழுங்கான கோப்புக்கு மிக நன்று | வகை பெருகலாம், மொழி ஒன்றே | எளிது | சில நாள் |
| செயற்கை நுண்ணறிவு | ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் | ஒருமை இராது | எளிது | சில நிமிடம், பிறகு சோதனை |

காலக் கணக்கு, ஒரு மாணவர் தன் ஆய்வுக்கு நடுவே செய்கிறார் என்று வைத்து நான் போட்டது. முழுநேர நிரலாளருக்குப் பாதியே ஆகலாம்.

கைத்திருத்தம் பற்றி அட்டவணையில் அடங்காத ஒன்று. உருவான நிரலில் மாணவர்கள் கட்டாயம் கை வைப்பார்கள். வரைபடத்தின் நிறத்தையாவது மாற்றுவார்கள். மறுபடி உருவாக்கினால் அது அழியும். படிக்கும் பகுதியை ஒரு கோப்பாகவும் வரையும் பகுதியை வேறொரு கோப்பாகவும் உருவாக்குங்கள். முதல் கோப்பின் தலையில் "இதைத் திருத்தாதே, அடுத்த முறை அழிந்துவிடும்" என்று எழுதுங்கள். இரண்டாவது கோப்பு ஏற்கெனவே இருந்தால் நிரலாக்கி அதைத் தொடவே கூடாது. எந்த வழியில் போனாலும் இதைச் செய்யலாம்.

## கெலுகோர் மாணவருக்குச் சொன்னது

அவருக்கு 12 வகைக் கோப்புகள், இரண்டு மொழிகள், இன்னும் இரண்டு ஆண்டுகள். ஆகவே மூன்றாம் வழி, ஆனால் அதன் சிறிய வடிவம்: விவரக் கோப்புகள், அவற்றை வாங்கி எழுத இரண்டு ஜின்ஜா வார்ப்புருக்கள், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பழைய கருவியை ஒரேயடியாக மூடவும் வேண்டாம். ஒவ்வொரு கோப்பு வகையாகப் புதியதுக்கு மாற்றி, மாற்றிய வகையின் கிளையை மட்டும் பழையதிலிருந்து வெட்டி எறியலாம்.

"எது முதலில், அண்ணே?" என்றார். மேகக் கோப்பு முதலில் என்றேன். இருப்பதிலேயே கோணலான கணக்கு அதுதான். அதைத் தாங்கும் விவரம் மற்றதையும் தாங்கும். ஒவ்வொரு விவரக் கோப்பின் அடியிலும் விடை தெரிந்த ஒரு கட்டத்தை எழுதி வைக்கச் சொன்னேன்: இந்தக் கோப்பில், இந்த இடத்தில், இந்த எண் வர வேண்டும். உருவாகும் நிரல் முதல் வேலையாக அதைப் படித்துப் பார்க்க வேண்டும், வேறு எண் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். ஏரோசோலுக்கு இன்னும் ஒரு வசதி இருக்கிறது. தரையிலிருந்து சூரியனைப் பார்த்து அளக்கும் ஏரோநெட் வலையமைப்பில் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) வளாகமும் ஒரு நிலையம். செயற்கைக்கோள் 0.54 என்று சொல்லும் நாளில் தரைக்கருவி அதற்கு மூன்று மடங்கு சொன்னால், எந்தப் பக்கம் சந்தேகப்படுவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

அவர் அங்கேயே ஒரு புதிய கோப்பைத் திறந்து நான்கு வரி தட்டினார். மாறி: மேக உச்சி வெப்பநிலை. பெருக்கெண்: 0.01. நகர்த்தெண்: −15000. கணக்கு: முதலில் கழி. பிறகு கடைக்காரரைப் பார்த்து இன்னும் இரண்டு தே தாரிக் என்று கையைக் காட்டினார்.